சால்மனின் வால்

துப்பாக்கி அழகாக இருக்க வேண்டும் என்று மாரிட் ஒருநாளும் கேட்டதில்லை. அந்த ஆசை அவள் கணவன் ஹால்வருக்குத்தான் இருந்தது. குளிர்காலம் முழுக்க அந்த வீட்டில் இதே பேச்சு.

மாரிட் சால்மன் எண்ணுகிறவள். கோடை வந்தால் அலாஸ்காத் தீவுகளின் ஓடைகளில் முழங்கால் நீரில் நடந்து, கடலிலிருந்து ஏறி வரும் மீன்களைக் கணக்கெடுப்பது அவள் வேலை. மீன் ஏறுகிற இடத்துக்குக் கரடியும் வரும். அதனால் அவள் தோளில் எப்போதும் ஒரு பம்ப் துப்பாக்கி தொங்கும். ஒரு தடவை சுட்டதும், குழலுக்கு அடியிலுள்ள மரப்பிடியைப் பின்னால் இழுத்து முன்னால் தள்ள வேண்டும். வெடித்த தோட்டா வெளியே விழும், அடுத்தது உள்ளே ஏறும்.

"எனக்குப் பளபளப்பே வேணாம். மழையில துருப்பிடிக்கக் கூடாது, கை வழுக்கக் கூடாது. அவ்வளவுதான்," என்றாள் மாரிட்.

"அதுக்காகத் தண்ணிக் குழாய் மாதிரி ஒண்ணைத் தூக்கிக்கிட்டுத் திரிவியா?"

"கரடி என்ன, பொண்ணு பார்க்கவா வருது?"

ஹால்வர் படகு கட்டுகிறவன். மரத்தைச் சும்மா விட அவன் கைக்குத் தெரியாது. குழலுக்கு அவள் கேட்டபடியே மங்கலான சாம்பல் பூச்சு அடித்துக் கொடுத்தான். ஆனால் தோளில் அணைக்கிற அடிக்கட்டையையும், இழுத்துத் தள்ளும் பிடியையும் வால்நட் மரத்தில் புதிதாகச் செதுக்கினான். பிடியின் நீளம் முழுக்க ஒரு சால்மன் நீந்தியது. தலை முன்னால், செதில் செதிலாக உடம்பு, பின்முனையில் விசிறி போல விரிந்த வால். அந்த வாலுக்காகவே பிடியை விரற்கடை அளவு கூட்டி வைத்தான். புதருக்குள் விழுந்தாலும் கண்ணுக்குத் தெரியட்டும் என்று அடிக்கட்டையில் மாரிட் எப்போதும் சுற்றி வைத்திருந்த ஆரஞ்சு டேப்பை மட்டும் உரித்துத் தன் மழைக்கோட்டுப் பையில் போட்டுக்கொண்டான். அவளிடம் சொல்லவில்லை.

கடைசியாக அவள் ஒன்று கேட்டாள். துப்பாக்கியின் பக்கவாட்டில் உபரித் தோட்டாக்களைச் செருகிவைக்க ஒரு தோல்பட்டை. கிளம்புவதற்கு முந்தின மாலை, சமையலறை மேசையில் வைத்து ஹால்வர் அதைத் திருகிப் பொருத்தினான். பிடியை இழுத்தான், தள்ளினான். வெண்ணெய் போல ஓடியது. தோட்டா வீட்டு வாசலைத் தாண்டி உள்ளே வரக் கூடாது என்பது அந்த வீட்டுச் சட்டம். தோட்டாப் பெட்டி கொட்டகையில் இருந்தது. அங்கேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டான்.

காலையில் படகுத்துறையில் துப்பாக்கியைப் பார்த்ததும் ஓரின் விசிலடித்தான். மாரிட்டின் சித்தப்பா மகன் அவன், ஓடையில் அவளுக்குத் துணை.

"மச்சான், இதைப் பார்த்தா கரடி ஓடாது. பக்கத்துல நின்னு போட்டோ எடுக்கச் சொல்லும்."

"பொறாமைடா உனக்கு," என்றான் ஹால்வர்.

"உனக்கும் ஒண்ணு செஞ்சு தரச் சொல்றேன்டா," என்றாள் மாரிட். "அதுல மீனுக்குப் பதிலா உன் மூஞ்சியைச் செதுக்கச் சொல்றேன். கரடி தானா ஓடிப்போயிடும்."

சிரித்துக்கொண்டே இருவரும் போய்விட்டார்கள்.

பட்டறைக்குத் திரும்பிய ஹால்வர், மேசை இழுப்பறையில் மர ஆணிகளைக் கொட்டி மூடினான். பாதியில் நின்றது. அழுத்தினான். நகரவில்லை. நேற்றுவரை லேசாக மூடிய இழுப்பறைதான். காலியாக இருந்தவரை மூடியது, இப்போது நிறைந்துவிட்டது. குவிந்து நின்ற ஆணிகளில் மேல்விளிம்பு இடித்தது.

அவன் கை அப்படியே நின்றது.

நேற்று தோல்பட்டையும் காலி. வெறும் தோல், பிடியின் வால் அதை அழுத்திக்கொண்டு மேலே ஓடிவிட்டது. இப்போது அதில் பருத்த தோட்டாக்கள் இருக்கும். வால் அவற்றில் இடிக்கும். பிடி முழுதாகப் பின்னால் வராது. முதல் குண்டு வெடிக்கும். இரண்டாவது ஏறாது.

ரேடியோவில் கூப்பிட்டான். மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிறார்கள், பதில் இல்லை. சிறுபடகில் குதித்து மோட்டாரைக் கிளப்பினான். வழியெல்லாம் அந்த மீன்வால்தான் கண்ணுக்குள் நின்றது. எத்தனை இரவு அதை உப்புத்தாளால் தேய்த்திருப்பான்! ஓரினிடம் துப்பாக்கி கிடையாது, மிளகாய் ஸ்பிரே மட்டும்தான். காற்று எதிரே அடித்தால் அது அவன் கண்ணிலேயே விழும்.

கரைமுனையைச் சுற்றித் திரும்பியபோது வெடிச்சத்தம் கேட்டது. ஒன்றே ஒன்று.

மோட்டாரை அணைத்துவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டான். தண்ணீர் படகில் மோதுகிற சத்தம். எங்கோ ஒரு கழுகின் கிறீச்சல். இரண்டாவது சத்தத்துக்காகக் காத்திருந்தான். வரவில்லை.

மோட்டார் மறுபடி கிளம்ப அடம் பிடித்தது. கயிற்றை இழுத்து இழுத்துத் தோள் கழன்றுவிடும் போலிருந்தது. துடுப்பை எடுத்துப் பைத்தியக்காரன் மாதிரி வலித்தான். கரையில் உருண்டைக்கற்கள் தெரிந்தன, அவர்களுடைய படகு தெரிந்தது, ஆள் தெரியவில்லை.

அப்போது ஆல்டர் மரங்களுக்குப் பின்னாலிருந்து ஒரு வெடி. அதை ஒட்டியே இன்னொன்று. நடுவில் ஒரு கடக்-கடக். உலகத்தில் அதைவிட இனிமையான சத்தம் ஒன்றை அவன் கேட்டதில்லை. பின்னாலேயே ஓரின் ஊளையிட்டுச் சிரிப்பது கேட்டது.

ஹால்வர் துடுப்பின் மேல் நெற்றியைச் சாய்த்துக்கொண்டு, மூச்சு மறுபடி மூச்சாக வரும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தான்.

ஓடை வாய்க்கு அவன் தள்ளாடி வந்தபோது, மாரிட் கரை ஒதுங்கிய ஒரு மரத்தின் மேல் உட்கார்ந்திருந்தாள். மடியில் துப்பாக்கி, காலடியில் மடக்கு ரம்பமும் மரத்தூளும்.

"நீ எங்க இங்க? முகமெல்லாம் வெளுத்துப் போயிருக்கு!"

"சுடாத... அது மாட்டிக்கும்... தோட்டா வச்சா..."

"மாட்டிக்கிச்சு," என்றாள். "புதருக்குள்ள போறதுக்கு முன்னாடி துப்பாக்கியை ரொப்பி, அப்புறம் பட்டையையும் ரொப்பிட்டு, ஏதாவது பட்டமரத்தை ஒரு தடவை சுட்டுப் பார்ப்பேன், எப்பவும். ஒண்ணு வெடிச்சுது, அப்புறம் பிடி பாதியிலயே நின்னுடுச்சு."

"ஓடையில மேல கரடி வேற மீன் தின்னுட்டு இருக்கு, மச்சான்," என்றான் ஓரின். "இவ சாவகாசமா உட்கார்ந்து ரம்பம் போடுறா."

"தோட்டாவை உருவிட்டா வேலை செய்யுது. தோட்டா இல்லாத பட்டை எனக்கு எதுக்கு?" மாரிட் சட்டைப் பையிலிருந்து எதையோ எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்தாள். விசிறி போல விரிந்த வால். "மன்னிச்சுக்கோ. ரொம்ப நல்லா வந்திருந்துச்சு."

ஹால்வர் சிரித்தான். சிரிப்பில் பாதி அழுகையாக இருந்தது. "தோட்டா வைக்காமலே இழுத்துப் பார்த்தேன் மாரிட். எனக்குத் தோணவே இல்ல."

"வீட்டுக்குள்ள கொண்டுவராதேன்னு சட்டம் போட்டதே நான்தானே. இனிமே கொட்டகையில வச்சுப் பார்ப்போம்."

"அக்கா, கணக்குல ஒரு வாலில்லாத மீன்னு சேர்த்துக்கவா?" என்றான் ஓரின்.

"வாயை மூடிட்டு எண்ணுடா."

அவள் துப்பாக்கியைத் தூக்கினாள். ரம்பம் போட்ட முனை சிராய்ப்பாக இருந்ததால் கையை இடம் மாற்றிப் பிடித்தாள். ஹால்வர் அதைக் கவனித்தான். மழைக்கோட்டுப் பைக்குள் கைவிட்டு, கசங்கி உருண்டு கிடந்த ஆரஞ்சு டேப்பை எடுத்தான். மாரிட் டேப்பையும் பார்த்தாள், அவன் முகத்தையும் பார்த்தாள். துப்பாக்கியை அவனிடம் நீட்டினாள்.

மீனின் செதில்கள் பாதி மறைய, வெட்டுமுனையில் அவனே அதைச் சுற்றினான். பார்க்கச் சகிக்கவில்லை. இன்னொரு சுற்றும் இறுக்கிச் சுற்றினான்.