புகைந்த வாளி

மேனுகா திரும்பிப் பார்த்தபோது ரெசின் வாளி புகைந்துகொண்டிருந்தது. பிரஷ் உள்ளே நட்டுவைத்ததுபோல் நின்றது. பிடித்து இழுத்தாள், வாளியும் சேர்ந்து வந்தது.

கிளிநொச்சியில் மூன்று மாதம் பைபர் படகு திருத்தப் பழகிவிட்டு முள்ளிவாய்க்காலுக்கு வந்தவள் அவள். தனியாகப் பொறுப்பெடுத்த முதல் படகு இது. ஜனார்த்தனனுடையது. பாறையில் மோதி அடிப்பக்கம் இரண்டு முழத்துக்குப் பிளந்திருந்தது. பிளவின்மேல் கண்ணாடி நார் விரிப்பை வைத்து, ரெசின் பசையில் அதை இறுகவைக்கும் ஹார்ட்னரைக் கொஞ்சம் கலந்து பூசவேண்டும். கலந்தால் இரசாயனத் தாக்கம் தொடங்கும், இறுகும். பழகியது அவ்வளவுதான்.

வாளியில் இருந்தது கல்லாகிவிட்டது. அதே வாளியிலிருந்து எடுத்துப் படகில் பூசியதோ விரலில் ஒட்டியது.

“ஹார்ட்னரைக் கூட ஊத்திப்போட்டாய் பிள்ளை,” என்றார் ஜனார்த்தனன்.

“கூட எண்டால் படகிலையும் இறுகியிருக்க வேணுமெல்லோ அண்ணை?”

அவர் தலையைச் சொறிந்தார்.

மறுநாள் ஹார்ட்னரைப் பாதியாகக் குறைத்தாள். வாளி தப்பியது. படகில் பூசியது அடுத்த நாள் காலையிலும் பிசினாகவே கிடந்தது. சுரண்டி எடுக்க அரைநாள் போனது. கையெல்லாம் நார் குத்திக் கடித்தது.

பயிற்சிக் கொப்பியைப் புரட்டினாள். ‘வெப்பம் கூடினால் தாக்க வீதம் கூடும்’ என்று அவளுடைய கையெழுத்திலேயே இருந்தது. அதைப் படித்த பிறகு இன்னும் குழம்பிப்போனாள். வாளியை வைத்திருந்தது பூவரச மர நிழலில். படகு கிடந்தது வெயிலில். மார்கழி வெயிலென்றாலும் வெயில்தானே? நிழலில் இருந்தது முந்தி இறுகுமா?

“முல்லைத்தீவிலை படகு திருத்திற ஒராள் இருக்கிறார். நாளைக்கு ஏத்திக்கொண்டு போகப்போறன்,” என்றார் ஜனார்த்தனன். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் அவளுக்குக் கூடுதலாகச் சுட்டது.

“நாளைக்குப் பின்னேரம் வரைக்கும் விடுங்கோ அண்ணை.”

அவர் கடலைப் பார்த்தார். ஒன்பது நாளாக அவர் தொழிலுக்குப் போகவில்லை. “சரி, பின்னேரம் வரைக்கும்,” என்றார்.

மறுநாள் படகைத் தொடாமல், முதல் நாள் அளவிலேயே கொஞ்சம் கலந்தாள். பாதியைத் தகரப்பேணியில் விட்டாள். மீதியைப் பலகையில் மெல்லியதாகப் பரப்பினாள். இரண்டையும் நிழலில் வைத்துவிட்டுப் பக்கத்திலேயே குந்தியிருந்தாள். பேணியைத் தொட்டுப் பார்த்தாள், இளஞ்சூடு. கொஞ்ச நேரத்தில் கை வைக்க முடியவில்லை. பலகையைத் தொட்டாள், குளிர்ந்துதான் இருந்தது. கடற்காற்று அதன்மேல் வீசிக்கொண்டே இருந்தது.

சூடு வெயிலிலிருந்து மட்டும் வரவில்லை, தாக்கமே சூட்டைக் கொடுக்கிறது என்று அப்போதுதான் பிடிபட்டது. குவிந்து கிடந்தால் அந்தச் சூடு வெளியேறாமல் தாக்கத்தை இன்னும் விரட்டுகிறது. பரப்பினால் காற்று கொண்டுபோய்விடுகிறது.

வாளியைத் தூக்கி எறிந்துவிட்டு அகலமான பேசின் ஒன்றை எடுத்தாள். சிறிது சிறிதாகக் கலந்தாள். காற்றுப் படாமல் படகைச் சுற்றிப் படங்குத் துணி கட்டச் சொன்னாள். ஜனார்த்தனன் கட்டினார். மத்தியான வெயிலில் பூசியது ஒரு மணித்தியாலத்தில் இறுகியது. நகத்தால் கீறிப் பார்த்தாள், பதியவில்லை. அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

அந்தச் சந்தோசத்தில் கடைசி நான்கு விரிப்பையும் ஒரே மூச்சில் அடுக்கிப் பூசினாள். அது கொதித்து, வெளிறி, நடுவில் வெடித்தது.

“இப்ப என்ன பிள்ளை?” என்றார் ஜனார்த்தனன்.

“தடிப்பாப் போட்டிட்டன். இதுவும் வாளி மாதிரித்தான் அண்ணை... அப்பிடித்தான் நினைக்கிறன்.”

வெடித்ததை உளியால் பெயர்த்து, ஒவ்வொரு விரிப்பாகப் பூசி முடிக்கும்போது வெயில் தாழ்ந்துவிட்டது. முல்லைத்தீவுக்குப் போகும் கதையை அவர் பிறகு எடுக்கவேயில்லை.

பூசி முடித்த மூன்றாம் நாள் படகு கடலில் இறங்கியது. தண்ணீர் கசியவில்லை. தன் வீட்டுப் படகையும் திருத்தக் கேட்டு வந்திருந்த ஞானேஸ்வரி என்ற பெண், ஒரு வாளிக்கு எத்தனை மூடி ஹார்ட்னர் என்று கேட்டாள்.

மேனுகா வெயிலையும் காற்றையும் ஒருதரம் பார்த்தாள்.

“எண்ணாச் சொல்லத் தெரியாது அக்கா,” என்றாள். “முதல்லை படகைப் பாப்பம், வாங்கோ.”