ரசத்தில் எத்தனை மில்லி

"மறுபடியும் ரெண்டு கிலோ ஏறியிருக்கு. எனக்குத் தெரியாம நீங்க தண்ணி குடிக்கறேள்!"

விசாலாக்ஷி எடை மெஷினைக் காலாலேயே கட்டிலுக்கடியில் தள்ளினாள். அவள் கணவர் பஞ்சு தன் வீங்கிய பாதங்களைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். இருதயம் பலவீனம், ஒரு நாளைக்கு ஒரு லிட்டருக்கு மேல் திரவம் போகக்கூடாது என்று சொல்லித்தான் ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பியிருந்தார்கள். இன்னும் ஏறினால் மறுபடி ஐசியூ.

"நான் குடிக்கல்லே, விசாலம்."

"பின்னே காத்தைக் குடிச்சா கால் வீங்கறது? ஃபில்டர் குழாயைத் துணி சுத்திக் கட்டியாச்சு. பாத்ரூம்ல போய்க் குடிக்கறேளா?"

"பாத்ரூம் தண்ணியைக் குடிக்கறவனாடி நான்?"

விக்ரோலியிலிருந்து லோக்கல் ரயிலில் வந்திறங்கிய மகள் சாதனா செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"லிஃப்ட் வரைக்கும் கேக்கறது உங்க சண்டை. போதும். அப்பாவை எங்காத்துக்கு அழைச்சுண்டு போறேன். உன்னால அளக்க முடியல்லே, அம்மா."

"என்னாலயா? இதோ பாட்டில், அறுநூறு மில்லி. காபி ரெண்டு வேளை, நூத்தம்பது நூத்தம்பது. மாத்திரைக்கு நூறு. கூட்டிப் பாரு! அதுக்கு மேல ஒரு சொட்டு போகல்லே."

"சாப்பாட்டுல?"

"சாப்பாட்டுல ஏதுடி தண்ணி?"

"ரசம்?"

"ரசஞ்சாதம் சாதம்தானே!"

சாதனா சமையலறைக்குள் போனாள். அப்பாவின் பிறந்தநாளுக்குக் கேக் செய்தபோது விட்டுப்போன அளவு ஸ்பூன்கள் அங்கே கிடந்தன. பெரிய ஸ்பூனால் மொண்டு மொண்டு ரசக் கரண்டியில் தண்ணீர் விட்டாள். பெரியது ஒவ்வொன்றும் பதினைந்து மில்லி. ஐந்து விட்டும் கரண்டி நிரம்பவில்லை. ஐந்து மில்லி பிடிக்கும் சின்ன ஸ்பூன் ஒன்று விட்டதும் விளிம்பைத் தொட்டது.

"எண்பது. வேளைக்கு எத்தனை கரண்டி விடறே?"

"மூணு. தொண்டையில இறங்க வேண்டாமா?"

"ரெண்டு வேளைக்கு நானூத்தி எண்பது. மோர்?"

"வேளைக்கு ஒரு டம்ளர். எல்லாராத்துலயும் விடறதுதான்!"

"அது நானூறு. அரே அம்மா, இன்னொரு லிட்டருக்குக் கொஞ்சம்தான் குறைச்சல்!"

விசாலாக்ஷி கரண்டியைப் பிடுங்கித் தண்ணீரைத் தொட்டியில் கொட்டினாள்.

"லிட்டர்னான், மில்லின்னான். ரசம்னு ஒரு வார்த்தை சொன்னானா அந்த டாக்டர்? வாயில என்ன கொழுக்கட்டையா?"

"அப்போ நான் திருடல்லே," என்றார் பஞ்சு. "குழாய்த் துணியை அவுத்து விடு."

"அவுக்க மாட்டேன்."

"ஒரு வாரமா என்னைத் திருடனாக்கினியே, அதுக்கு?"

விசாலாக்ஷி தட்டில் சாதத்தைப் போட்டாள். ஒரே ஒரு கரண்டி ரசம் விட்டாள். பிறகு அவருடைய பாட்டிலைத் திறந்து, அதே கரண்டியால் ஒரு கரண்டி தண்ணீர் அளந்து எடுத்துத் தொட்டியில் வீசினாள்.

"எண்பது போச்சு. மோர் கிடையாது. இன்னொரு கரண்டி ரசம் கேட்டா, இன்னொரு எண்பது போகும்."

பஞ்சு இன்னொரு கரண்டி கேட்கவில்லை. சாதத்தை மெதுவாகப் பிசைந்தார்.

சாதனா ஸ்பூன்களைப் பையில் போடப்போனாள்.

"அதை வெச்சுட்டுப் போ," என்றாள் விசாலாக்ஷி. "அப்பாவையும்."