கறுப்பு வெள்ளைப் பறவைகள்

1985 ஏப்ரல் 11, வியாழக்கிழமை, காலை பத்தே முக்காலுக்குக் கரண்ட் போனது. ஷந்தால் அப்போது கோட்டையின் இடது மூலையில் செத்துக்கொண்டிருந்தாள்.

திரை ஒரு வெள்ளைப் புள்ளியாகச் சுருங்கி அணைந்தது. அவள் ஜாய்ஸ்டிக்கைத் தரையில் வைத்துவிட்டுச் சிரித்தாள்.

"அம்மா, படிச்சிருக்காங்க."

ஜோசெஃபின் கொல்லைப்புறத்தில் மீன் அலசிக்கொண்டிருந்தாள். "யாரு?"

"கம்பெனிக்காரங்க. மூலைய அடச்சிட்டாங்க. மூணு தடவ போய் நின்னேன். மூணு தடவயும் சிப்பாய் உள்ள வந்து வெட்டிட்டான்."

"செத்ததுக்கா இவ்வளவு சந்தோசம்?"

ஷந்தால் அலமாரியிலிருந்து தன் நோட்டை எடுத்தாள். எழுதி அனுப்பும் எதற்கும் ஒரு நகல் வைத்திருந்தாள். போன வருடம் பிப்ரவரியில் எழுதியது:

கோட்டை. நிறை: சிப்பாய் வருவதற்கு முன் அவன் நிழல் வருகிறது. பயப்பட நேரம் கொடுக்கிறார்கள். குறை: இடது மூலைத் தூணுக்குப் பின்னால் நின்றால் யாராலும் தொட முடியாது. நின்றேன். எழுந்து போய்க் காபி போட்டுக் குடித்துவிட்டு வந்தேன். சாகவில்லை.

போன வாரம், விடுமுறைக்கு வந்த ஒருவரிடம் தம்பி ழாக் கொடுத்தனுப்பிய கேசட்டில் அதே கோட்டை இருந்தது. மூலை மட்டும் மாறியிருந்தது. லியோனில் யாரோ அவளுடைய வரியைப் படித்திருக்கிறார்கள். படித்துவிட்டுத் திருத்தியிருக்கிறார்கள்.

"ஓட்டைய அடச்சா வேலை குடுத்துருவாங்களா?" என்றாள் அம்மா. "ஞாயித்துக்கிழம மாப்பிள்ளை வூட்டுக்காரங்க வர்றாங்க. அதுக்கு ஒரு பதில் சொல்லு."

"சொல்லிட்டேன்."

"இருபத்தொம்பது வயசு ஆச்சு."

"அந்த மாப்பிள்ளைக்கு என்னையவா வேணும்? என் பாஸ்போர்ட்டக் கட்டிக்கிட்டு பிரான்சு போகணும். அதத்தானே மொத ரெண்டு பேரும் கேட்டாங்க?"

"நீயும் போகணும்னுதானே ஒக்காந்திருக்கே?"

"நான் என் வேலைக்குப் போறேன். யாரயும் முதுகுல கட்டித் தூக்கிட்டுப் போகல."

அப்பா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர். பென்ஷன் அம்மாவுக்கு வந்தது, குடியுரிமை பிள்ளைகளுக்கு வந்தது. ழாக் இருபது வயதில் போய்விட்டான். லியோனில் டிவி விளையாட்டு தயாரிக்கும் ஒரு கம்பெனியில் பெட்டி கட்டும் வேலை. ஷந்தால் காரைக்கால் கோவில்பத்து வீட்டில் இருந்துகொண்டு நர்சரிப் பள்ளி ஒன்றில் பாடம் சொல்லிக்கொடுத்தாள். இப்போது ஈஸ்டர் லீவு.

1983 கிறிஸ்துமஸுக்கு ழாக் வந்தபோது அந்த விளையாட்டு இயந்திரத்தைக் கொண்டுவந்தான். பெட்டி இல்லை, விளக்கப் புத்தகம் இல்லை. இரண்டு ஸ்வெட்டருக்குள் சுருட்டி வந்திருந்தது. காரைக்காலுக்கு வெளிநாட்டிலிருந்து எது வந்தாலும் அப்படித்தான் வரும். பெட்டியோடு வந்தால் புதுச் சாமான், சுங்கத்தில் தீர்வை போடுவார்கள். வீட்டில் இலங்கை ஒளிபரப்பு பார்க்க வாங்கிய கறுப்பு வெள்ளை டிவி இருந்தது. நீலகண்டன் என்ற டிவி மெக்கானிக் பின்பக்கம் ஓர் ஓட்டை போட்டு, ஒரு வயரைச் செய்து, இரண்டாவது நாள் படம் வரவைத்தார்.

எந்த விளையாட்டை எப்படி ஆடுவது என்று சொல்ல யாரும் இல்லை. செத்துச் செத்துத் தெரிந்துகொண்டாள். சாப்பிடும்போது ஒவ்வொன்றையும் திட்டினாள். எது நியாயமாகக் கொல்கிறது, எது அநியாயமாகக் கொல்கிறது என்று சொன்னாள். ழாக் கையில் சோற்றுடன் கேட்டுக்கொண்டிருந்தான்.

"இத எழுதிக் குடுக்கா. எங்க கம்பெனியில வெளையாடிப் பாத்து நெற கொற எழுதறதுக்குன்னே ஆளு எடுக்கறாங்க. நான் பிரெஞ்சுல மாத்தி மேலதிகாரிகிட்ட குடுக்கறேன். பிடிச்சிருந்தா ஒன்னயே கூப்புட்டுக்குவாங்க."

அவளுக்குப் பிரெஞ்சு ஏதோ படிக்க வரும், எழுத வராது. தமிழில் பதினான்கு பக்கம் எழுதிக் கொடுத்தாள். அதற்குப் பிறகு யார் வந்தாலும் கேசட் வந்தது. அவள் எழுதித் தபாலில் அனுப்பினாள். ழாக்கின் கடிதங்களில் ஒரே வரி இருந்தது: பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், பொறு.

பொறுத்தாள். இரண்டு மாப்பிள்ளைகளை வேண்டாம் என்றாள்.

பன்னிரண்டரைக்கு வாசலில் டாக்சி நின்றது. ழாக் இறங்கினான். வருவதாக எழுதவில்லை. பின் சீட்டில் போர்வை சுற்றிய ஒரு டிவி இருந்தது. டிரைவரும் அவனுமாக அதை உள்ளே தூக்கி வந்து வைத்தார்கள்.

"ஒடம்பு சரியில்லையாடா?" என்றாள் அம்மா.

"நல்லாத்தான் இருக்கேன்."

"இது என்னாது?"

"கலர் டிவி. வர்ற வழியில பட்டினத்துல மன்சூர் அலி கடையில எடுத்தேன். எல்லா நாட்டுப் படமும் வரும், பிரான்சு மெஷினு படமும் கலர்ல வரும்." அக்காவைப் பார்க்காமல் ஸ்விட்சைத் தட்டினான். "கரண்டு இல்லையா?"

"பத்தே முக்காலுக்குப் போச்சு" என்றாள் ஷந்தால். "ழாக்கு, கோட்டையில அந்த மூலைய அடச்சிருக்காங்கடா. பாத்தியா?"

"பாக்கல."

"என்னாடா பாக்கல? ஒன் கம்பெனி கேசட்டு."

அவன் சூட்கேஸைத் திறந்தான். மடித்த காகிதங்களை எடுத்து மேஜைமேல் அடித்தான். அவளுடைய கையெழுத்து. சனவரியில் அனுப்பியது.

"இது என்னக்கா எழுதி வச்சிருக்கே? படி."

"நான் எழுதுனது எனக்குத் தெரியாதா?"

"படிக்கா."

அவள் சத்தமாகப் படித்தாள்.

"பறவை. நிறை: வேகம் சரியாகக் கூடுகிறது. ஐந்தாம் கட்டத்தில்தான் கை வியர்க்கிறது. குறை: ஒரு பறவையைத் தொட்டால் பழம், இன்னொன்றைத் தொட்டால் சாவு. இரண்டும் அச்சில் வார்த்த மாதிரி ஒரே பறவை. தொட்டுப் பார்த்துச் செத்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்றால் அது மோசடி. வேறு வழியில்லாமல் வரிசையை மனப்பாடம் செய்தேன். மூன்று நல்லது, ஒன்று கெட்டது, இரண்டு நல்லது, இரண்டு கெட்டது. பதினோராம் கட்டம் வரை இது மாறவில்லை. செய்தவன் சோம்பேறி."

"ஒண்ணு செவப்பு, ஒண்ணு பச்சை" என்றான் ழாக்.

"என்னாது?"

"பறவை. நல்லது பச்சை. கெட்டது செவப்பு. பெட்டியில பெருசா படம் போட்டிருக்கு. புத்தகத்துல மொத பக்கத்துல எழுதியிருக்கு. மூணு வயசுப் புள்ளைக்குத் தெரியும்."

அவள் திரும்பினாள். பழைய டிவியைப் பார்த்தாள்.

"பெட்டிய எவன்டா கிழிச்சுப் போட்டான்?"

"சுங்கத்துக்கு..."

"புத்தகத்த எவன் போட்டான்? வீட்டுல என்ன டிவி இருக்குன்னு ஒனக்குத் தெரியாதா? இதே தரையில ஒக்காந்து நான் வெளையாடறதப் பாத்தியே. கலர் இருக்குன்னு ஒரு வார்த்த சொல்ல ஒனக்கு வாயில்லையா?"

"எனக்குத் தோணல."

"ஒன்றர வருசமாத் தோணலயா?"

"ரூம் நெறைய ஆளுக்கா. மேலதிகாரி இதப் படிச்சுட்டு, இத எங்க வெளையாடுனே, எந்தக் காலத்து டிவின்னு கேட்டான். எல்லாரும் சிரிச்சாங்க. நான் முழிச்சுக்கிட்டு நின்னேன். மறுநாளே பெட்டி கட்டற எடத்துக்குத் திருப்பி அனுப்பிட்டான். ஒன்னால என் வேலையே போச்சு."

"பெட்டி கட்டற எடத்துலதானே இருந்தே?"

ழாக் சூட்கேஸை மூடப் போனான்.

"எங்கேருந்துடா திருப்பி அனுப்பினான்?"

அம்மா மீன் கையோடு வாசற்படியில் நின்றாள்.

காகிதக் கட்டின் அடியில் ஒரு தாள் இருந்தது. பிரெஞ்சில் டைப் அடித்தது. ஷந்தால் அதை உருவினாள். அவளுடைய பறவைக் குறிப்புதான். அவளுக்குத் தெரிந்த பிரெஞ்சு அதற்குப் போதும். கீழே ஒரு பெயர் இருந்தது. தம்பியின் பெயர். அதற்குப் பக்கத்தில் அவனுடைய பதவி: விளையாட்டுச் சோதனையாளர். தேதியும் இருந்தது.

"எப்பேருந்து?"

"போன சூன்லேருந்து."

"கோட்டை மூலையும் ஒன் பேருலதானா?"

"அதுக்குத்தான் எடுத்தாங்க."

"நீ அத வெளையாடியாவது பாத்தியா?"

"நேரமில்லக்கா. மொழிபெயர்க்கவே ராத்திரி..."

"பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், பொறு." அவள் அவனுடைய கடிதத்தின் குரலிலேயே சொன்னாள். "பத்து மாசமா அங்க குந்திக்கிட்டு எனக்கு இத எழுதுனியா? நான் இங்க வர்றவன்கிட்டயெல்லாம் வேலை வரப்போவுதுன்னு சொல்லிக்கிட்டிருக்கேன். அம்மாகிட்டயும் திட்டு வாங்குறேன்."

"ஒன் பிரெஞ்ச வச்சுக்கிட்டு ஒன்னய எடுக்க மாட்டாங்கக்கா."

"கேட்டியா?"

"கேக்க வேண்டியதில்ல. தெரியும்."

"கேட்டியாடா?"

ஜோசெஃபின் உள்ளே வந்தாள். "விடு ஷந்தால். குடும்பத்துக்குள்ள யாரு பேரா இருந்தா என்ன? அவன் நல்லா இருந்தா நாளைக்கு ஒன்னயக் கூப்புட்டுக்க மாட்டானா?"

"அம்மா, நீங்க பேசாம இருங்க. ஞாயித்துக்கிழம வர்ற மாப்பிள்ளைக்கு இவனயே குடுத்துருங்க. இவன்கிட்டயும் பாஸ்போர்ட்டு இருக்கு."

டிரைவர் வாசலில் சிரித்தது கேட்டது. ழாக் போய் அவரை அனுப்பிவிட்டு வந்தான்.

மூன்றேகாலுக்குக் கரண்ட் வந்தது. அதுவரை யாரும் சாப்பிட உட்காரவில்லை. மீன் குழம்பு மேஜையில் ஆறியது. ழாக் புது டிவியில் நீலகண்டனின் வயரைச் செருகினான். பறவை கேசட்டைப் போட்டான். ஜாய்ஸ்டிக்கை அக்காவின் பக்கம் நீட்டினான்.

வானம் நீலமாக இருந்தது. அவள் அதைச் சாம்பல் என்று நினைத்திருந்தாள். கீழே ஒரு மரம் இருந்தது. அது எப்போதும் அங்கே இருந்திருக்கிறது, தரையோடு தரையாகத் தெரிந்தது. பறவைகள் வந்தன. பச்சை, பச்சை, பச்சை, சிவப்பு.

ஜோசெஃபின் சுவரில் சாய்ந்து பார்த்தாள். "அழகா இருக்கே" என்றாள்.

ஷந்தால் ஆடினாள். பதினோராம் கட்டத்தைத் தாண்டினாள். பன்னிரண்டு, பதின்மூன்று. ஒருமுறைகூடச் சாகவில்லை. கை வியர்க்கவில்லை. பதினாறாம் கட்டத்தில் ஜாய்ஸ்டிக்கை வைத்துவிட்டாள். ஒரு பறவை மோதி ஆட்டம் முடிந்தது.

"எப்படி?" என்றான் ழாக்.

"சப்புன்னு இருக்கு."

"என்னக்கா சொல்றே?"

"செவப்புக்கும் பச்சைக்கும் கலரத் தவிர வேற வித்தியாசமே இல்ல. எறக்கை ஒண்ணு, அலகு ஒண்ணு, சத்தம் ஒண்ணு. கலர் பிரிச்சுப் பாக்கத் தெரியாத கண்ணு எத்தன பேருக்கு இருக்கு? அவன் காசு குடுத்து வாங்கிட்டுப் போய் என்ன பண்ணுவான்? கறுப்பு வெள்ளை டிவி இருக்கிற வூடு பிரான்சுலயே எத்தன இருக்கும்? ஒன் மேலதிகாரி சிரிச்சான்ல, இதுக்கு அவன் பதில் சொல்லட்டும். ஒரு பறவைக்கு வால நீட்டி வுட்டிருந்தா முடிஞ்சது. வரிசையும் மாறல. பதினாறாங் கட்டத்துலயும் அதே மூணு, ஒண்ணு, ரெண்டு, ரெண்டு. நான் எழுதுனதுல ஒரு எழுத்து தப்பில்ல."

ழாக் எழுந்து நின்றுவிட்டான். முகம் மாறியிருந்தது.

"இதத்தான்க்கா எழுதணும். இதேதான். யாருமே சொல்லல. அந்த ரூம்ல இருந்த ஒருத்தனும் சொல்லல." பேனாவைத் திறந்து, நர்சரிப் பள்ளித் தாள் கட்டிலிருந்து ஒரு தாளை எடுத்து அவள் முன்னால் வைத்தான். "எழுதிக் குடு. ஞாயித்துக்கிழம ராத்திரி பஸ்ஸு, திங்கக்கிழம பிளேனு. செவ்வாய்க்கிழம அவன் மேஜையில வச்சிடறேன். என்னயத் திரும்ப உள்ள எடுத்துருவான்."

"ஒன்னய."

"ஒரே ஒரு தடவக்கா. நான் உள்ள போனாத்தானே ஒனக்கு வழி பண்ண முடியும்?"

"எழுதிக் குடேன்டி" என்றாள் அம்மா. "கூடப் பொறந்தவன்."

ஷந்தால் பேனாவை வாங்கினாள். தாளின் உச்சியில் ஒரே ஒரு சொல் எழுதினாள். எழுத்தைத் தடித்து, மறுபடி அதன்மேலேயே எழுதினாள். தாள் இரண்டு இடத்தில் கிழிந்தது. பிறகு அதைத் தம்பியின் பக்கம் தள்ளினாள்.

எழுதியது: ஷந்தால்.

ழாக் அதைப் பார்த்தான். அவள் காத்திருப்பதைப் பார்த்தான்.

"நீதானே மொழிபெயர்க்கிறவன். இதுக்குப் பிரெஞ்சுல என்னாடா போடுவே?"