எதிர்க் கடையிலிருந்து ஒரு வரி

கடற்கரைச் சாலையில் எட்டுக் கடைகளுக்கு ஒரே வாய். அது போன்காரியின் வாய். தினமும் காலையில் கடை கடையாக ஏறிப் போனில் படம் எடுப்பாள். கடைக்காரர்களே பேசுவதுபோல இணையத்தில் அவரவர் கடைப் பக்கத்தில் எழுதுவாள். கீழே யார் ஒரு வரி போட்டாலும் அரை மணிக்குள் பதில் போய்விடும்: ‘நன்றி, மீண்டும் வருக.’ சவாரிப் படகுக்காரருக்குக் கையெழுத்துப் போடவே கை நடுங்கும். அவர் பக்கத்தில் கவிதை கொட்டும். வீட்டில் டீசலைத் தவிர வேறு பேசாத மனுஷன் அலையும் நிலாவும் என்று யாருக்கு எழுதுகிறார் என்று அவர் மனைவியே போன்காரியிடம் சண்டைக்கு வந்தாள்.

அந்த எட்டில் இரண்டு கடைகள் எதிரெதிரே இருந்தன. இந்தப் பக்கம் அக்காவின் பேக்கரி, அந்தப் பக்கம் தங்கச்சியின் ஜூஸ் கடை. கூடப்பிறந்தவர்கள். ஏழு வருஷமாகப் பேச்சில்லை. அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, ஏதோ பழைய கோபத்தில், அக்கா தங்கச்சிக்குச் சொல்லி அனுப்பவில்லை. சேதி போனபோது எல்லாம் முடிந்திருந்தது. தப்பு அக்காவுடையதுதான், கண்ணுங்களா. அவளுக்கும் அது தெரியும். ஒவ்வொரு நாளும் கண்ணாடி அலமாரியைத் துடைக்கிற சாக்கில் எதிர்க் கடையைப் பார்ப்பாள். அங்கிருந்து ஒரு பார்வைகூடத் திரும்பி வராது.

போன்காரிக்கு ஒரு வழக்கம் இருந்தது. புதுப் படம் போட்டால் முதல் வரி விழும்வரை ஜனங்கள் வாயைத் திறக்க மாட்டார்கள். அதனால் ஒரு பொய்ப் பெயரில் தானே முதல் வரியைப் போட்டு வைப்பாள். ஒரு நாள் பேக்கரிப் பக்கத்தில் வெண்ணெய் பன் படம் போட்டாள். கீழே எழுதினாள்: ‘அக்கா, உங்க கை பன் சாப்பிட்டு எவ்வளவு நாளாச்சு. வரட்டுமா?’ எட்டுக் கடைப் பக்கங்களும் ஒரே போனில் திறந்து கிடந்தன. பொய்ப் பெயருக்குப் பதிலாக அந்த வரி ஜூஸ் கடையின் பெயரில் போய் விழுந்தது.

அவள் அதைக் கண்டுபிடித்து அழிப்பதற்குள் பேக்கரியிலிருந்து போன் வந்தது. ஓடிப் போனாள். அக்கா மாவு ஒட்டிய விரலால் போனைத் தொடாமல், தூரத்திலிருந்தே காட்டினாள்.

“இது அவதான எழுதியிருக்கா? நீ எழுதலையே?”

சொல்லியிருக்கலாம். நான்கு வார்த்தையில் முடிந்திருக்கும். ஆனால் கை தவறியது வெளியே தெரிந்தால் எட்டுக் கடையும் கைவிட்டுப் போகும்.

“அவங்கதான்க்கா,” என்றாள் போன்காரி.

அக்கா ஏப்ரனைக் கழற்றினாள். சூடாக ஆறு பன் எடுத்துப் பெட்டியில் வைத்தாள். பிறகு இரண்டை எடுத்துவிட்டு, சின்ன வயதில் தங்கச்சிக்குப் பிடித்த கருகின ஓரமாகப் பார்த்து வேறு இரண்டை வைத்தாள். அவள் வரட்டுமா என்று கேட்டிருக்கிறாள், பெரியவள் நானே போவதுதான் மரியாதை என்றாள். சாலையைத் தாண்டுவதற்குள் இரண்டு முறை புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள்.

ஜூஸ் கடையில் கூட்டம். தங்கச்சி ஆரஞ்சு பிழிந்துகொண்டிருந்தாள். அக்கா பெட்டியை மேஜைமேல் வைத்து, “நீ கூப்பிட்ட. வந்துட்டேன்,” என்றாள்.

மிஷின் நின்றது.

“நான் எங்க கூப்பிட்டேன்?”

“போன்ல எழுதினியே. பன் சாப்பிட வரட்டுமான்னு.”

“உன் கையால நான் தண்ணிகூடக் குடிக்க மாட்டேன். அம்மா மூச்சு இழுத்துட்டு இருந்தப்ப உனக்கு என் நம்பர் மறந்து போச்சு. இப்ப பன் விக்கணும்னா மட்டும் தங்கச்சி ஞாபகம் வருதா?”

ஸ்ட்ராவைக் கடித்தபடி நின்ற நாலைந்து பேர் போனைத் தூக்கிப் பிடித்தார்கள். தங்கச்சி புறங்கையால் பெட்டியைக் கீழே தள்ளினாள். அக்கா குனிந்து, மணல் ஒட்டிய பன்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். அதையும் படம் பிடித்தார்கள்.

சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கப் பார்த்துவிட்டது. மறுநாள் பேக்கரி வாசலில் வரிசை. கீழே விழுந்த பன் இதுதானா என்று கேட்டுக் கேட்டு வாங்கினார்கள். மற்ற ஆறு கடைக்காரர்களும் போன்காரியை மெச்சினார்கள். படகுக்காரர் தனக்கும் இப்படி ஒரு சண்டை அமையுமா என்று கேட்டார்.

பன் விற்க அக்காவே எழுத வைத்த வரி அது என்று நம்பிய தங்கச்சி, போன்காரியைக் கூப்பிட்டு, அந்தப் பழைய வரிக்குக் கீழேயே தன் பெயரில் எழுதச் சொன்னாள். போன்காரி எழுதினாள்: ‘அதை நான் எழுதவில்லை. எனக்கு அக்கா கிடையாது.’ எழுதிக் காட்டிவிட்டு, அன்றைய படம் எடுக்க எதிர்க் கடைக்குப் போனாள்.

அக்கா அதற்குள் படித்திருந்தாள்.

“கூப்பிட்டு வச்சு நாலு பேர் முன்னாடி அசிங்கப்படுத்திட்டு, இப்ப எழுதலைங்கறா பாரு,” என்றாள். “ஏழு வருஷமா யோசிச்சிருப்பா போல. போகட்டும், நான் பண்ணினதுக்கு இது சரிதான்.”

போன்காரி பன் தட்டை வெளிச்சத்துக்குத் திருப்பி வைத்துப் படம் எடுத்தாள்.

“எல்லாருக்கும் பதில் போடுவல்ல? அவளுக்கும் போடு.”

“என்னன்னுக்கா?”

“எல்லாருக்கும் போடுறதுதான். நன்றி, மீண்டும் வருக.”

போன்காரி தட்டினாள். அனுப்பும் முன் இந்த முறை, எந்தக் கடையின் பெயரில் போகிறது என்று இரண்டு தரம் பார்த்துக்கொண்டாள்.