ஊறிய ரொட்டி

கல்யாண விருந்து முடிந்த மறுநாள் காலை, வாய்க்காலில் சொட்டுத் தண்ணீர் இல்லை. கனிமெத்தின் பீன்ஸ் வயல் பூவும் பிஞ்சுமாக நின்றது. தலாஸ் பள்ளத்தாக்கில் தண்ணீர் முறைவைத்துத்தான் வரும். நண்பகல் வரை அவள் முறை. விட்டால், அடுத்த முறை வருவதற்குள் செடி கருகிவிடும். போன வருஷம் இப்படித்தான் பாதி வயல் போயிற்று. இந்த வருஷம் விடுவதாக இல்லை அவள்.

மண்வெட்டியோடு கரை வழியே மேலே நடந்தாள். கணவனின் அண்ணன் சமாத் வீட்டெதிரே, சாலைக்கு அடியில் போகும் குழாய் அடைத்துக் கிடந்தது. யார் கைங்கரியம் என்று யோசிக்கவே வேண்டாம். நேற்று அவர் மகனுக்குத்தான் கல்யாணம்.

"பீங்கானெல்லாம் எதுக்கு? பிளாஸ்டிக்ல வாங்கிடுங்க. தின்னு முடிச்சதும் விரிப்போட சுருட்டி எறிஞ்சாப் போச்சு" என்று சொன்னவர் அவர்தான். கழுவுகிற பாடு மிச்சம் என்று மருமகள்கள் அத்தனை பேருக்கும் சந்தோஷம். கனிமெத்துக்கும்தான். பிளாஸ்டிக் விரிப்பின் நாலு மூலையையும் கூட்டிப் பிடித்து, தட்டு, டம்ளர், எலும்பு எல்லாவற்றையும் சேர்த்துச் சுருட்டி வாய்க்கால் ஓரம் வீசினார்கள். மிச்ச வேலையைக் காற்று பார்த்துக்கொண்டது.

கை எட்டிய மட்டும் இழுத்தாள். ஒரு மூட்டை வந்தது. உள்ளே இன்னும் எவ்வளவோ. ஒற்றை ஆளால் ஆகிற காரியம் இல்லை. மூட்டை அவிழ்ந்து, உள்ளிருந்து இரண்டு வட்ட ரொட்டி விழுந்தது. பிய்க்கக்கூட இல்லை, ஊறிப் போயிருந்தது. தரையில் ஒரு துண்டு விழுந்தாலும் எடுத்து நெற்றியில் ஒற்றிக்கொள்கிற ஊர் இது. அவசரத்தில் ரொட்டியை எடுத்து வைக்க மறந்தவள் அவளேதான்.

மூட்டையோடு நேரே சமாத் வீட்டுக்குள் போனாள். சம்பந்திகள் புடைசூழ அவர் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். மாமியார் சைராகான் மூத்தவருக்குரிய இடத்தில். கனிமெத் அந்த ஈர விரிப்பை நடுவில் விரித்து, ரொட்டியை அதன் மேல் வைத்தாள்.

"என்னம்மா இது, சம்பந்திங்க முன்னாடி?" என்றார் சமாத்.

"ரொட்டி, மாமா. நேத்து வெச்சதுதான். ஒரு வாய் எடுத்துக்குங்க."

"சுருட்டுனது உன் கைதானே?"

"இந்தக் கைதான். அதான் திருப்பிக் கொண்டாந்திருக்கேன். வாய்க்கால் அடைச்சுக் கிடக்கு. என் முறை மத்தியானத்தோட போயிடும்."

"சரி சரி, அப்புறம் பாக்கலாம். இத வெளிய போடு."

"நீங்க போடுங்க மாமா. நான் ஒரு தடவ போட்டுட்டேன்."

யாரும் அசையவில்லை. விரிப்பில் ரொட்டி வைத்த பிறகு ஒரு துணுக்காவது வாயில் போடாமல் எழுந்திருக்கக் கூடாது. அதைத் தாண்டிக் கால் வைப்பதை நினைத்தும் பார்க்க முடியாது. சம்பந்தி தன் கிண்ணத்துக்குள்ளேயே பார்வையைப் புதைத்துக்கொண்டார்.

சமாத்தின் மனைவி ஊர்கான்தான் வாயைத் திறந்தாள். "ரொம்பத்தான் பேசுற. அத்தனை பீங்கானையும் நீ வந்து கழுவுவியா?"

"வரேன். தின்னவங்களும் வரட்டும்."

சைராகான் முன்னால் குனிந்தாள். ஊறிய ரொட்டியில் ஒரு துணுக்குப் பிய்த்து நெற்றியில் ஒற்றி, வாயில் போட்டு விழுங்கினாள். பிறகு மகனைப் பார்த்தாள். சமாத்தின் முகம் கறுத்தது. அவரும் ஒரு துணுக்குப் பிய்த்தார். விழுங்கச் சிரமப்பட்டார். எழுந்து கல்யாணக் கோட்டைக் கழற்றினார்.

ஆம்பிளைகள் எல்லோரும் வாய்க்காலில் இறங்கினார்கள். பை பையாக, டம்ளர் டம்ளராக நேற்றைய விருந்து முழுவதும் வெளியே வந்தது. உச்சிக்குச் சற்று முன்னால் குழாய் கடகடவென்று இருமி, தண்ணீரைத் துப்பியது.

ஊர்கான் தேநீர் கொண்டுவந்தாள், பிளாஸ்டிக் டம்ளர்களோடு. முழங்கால் சேற்றில் நின்ற சமாத் அதையே பார்த்தார்.

"பீங்கான் கிண்ணம் எடுத்துட்டு வா."

"யாரு கழுவுறதாம்?"

"குடிக்கிறவங்க" என்றாள் கனிமெத், நிமிராமலே.

ஊர்கான் உள்ளே போய்ப் பீங்கான் கிண்ணங்களோடு வந்தாள். சமாத் குடித்து முடித்ததும் கிண்ணத்தை ஓடுகிற தண்ணீரில் அலசி, கரையில் கவிழ்த்து வைத்தார். அதைப் பார்த்து நிற்க அவளுக்கு நேரமில்லை. மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு, தண்ணீரை முந்திக்கொண்டு வயலுக்கு ஓடினாள்.