வாடகைக்கு இல்லாத பலகை

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்த இடம் உத்திரமேரூர் கடைத்தெருவில் உள்ள ஒரு வாடகைப் பாத்திரக் கடை. கதை தேடிக்கொண்டு நான் அங்கே போகவில்லை. தங்கை மகளுக்குக் காது குத்தி முடிந்து, நாற்காலிகளையும் பிரியாணி அண்டாவையும் திருப்பிக் கொடுக்கப் போனேன். அண்டா அடிப்பிடித்திருந்ததால் கொஞ்சம் பம்மிக்கொண்டேதான் உள்ளே நுழைந்தேன்.

அந்தக் கடையில் எல்லாவற்றிலும் 'கா.மொ.' என்று சிவப்புப் பெயிண்டில் எழுதியிருக்கும். காஜா மொய்தீன் பாய் தன் கையாலேயே எழுதுவார். நாற்காலி முதுகில், அண்டா வயிற்றில், ஜமக்காள ஓரத்தில், கரண்டிக் காம்பில். கடைப் பூனையின் வாலில்கூட ஒரு சிவப்புத் தீற்றல் உண்டு. அது தெரியாமல் பட்டது என்று பாய் சொல்கிறார். நான் நம்பவில்லை.

அண்டாக்களுக்கு நடுவே, கூரையைத் தொடும் உயரத்துக்கு, ஒரு வெள்ளைப் பலகை சாய்ந்து நின்றது. ஒடுக்கமான உடம்பு, கூர்மையான மூக்கு. மேலிருந்து கீழ்வரை பார்த்தேன். எழுத்தே இல்லை. கல்லாவில் பாயின் மருமகள் சுரையா இருந்தாள். (கடையில் நான் அவரை வாங்க போங்க என்றுதான் பேசுவேன். கதைக்குள் 'அவள்'. கதைக்காரனுக்கு இந்த ஒரு திமிர் மட்டும் மிச்சம்.) இதற்கு வாடகை என்ன என்று கேட்டேன்.

"அது வாடகைக்கு இல்ல சார்," என்றாள்.

அந்தக் கடை திறந்த நாளிலிருந்து அங்கே யாரும் சொல்லியிருக்காத வாக்கியம் அது. சொல்லும்போது அவளுக்கு வாயெல்லாம் பல். அண்டாவை மறந்து, அந்தச் சிரிப்போடு வீட்டுக்கு வந்தேன்.*

* அண்டாவை அவள் மறக்கவில்லை. சாயங்காலம் போன் வந்தது.

2

முதல் தொடக்கம்: 'அந்த வருடம் ஐப்பசியிலேயே ஏரி நிரம்பிவிட்டது.' வாக்கியம் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இப்படித் தொடங்கினால் அடுத்த பத்தியில் ஒரு விவசாயி வானத்தைப் பார்த்தே ஆகவேண்டும். விட்டேன்.

இரண்டாவது: 'பேடில் போர்டு என்பது தண்ணீரின் மேல் நின்றபடி நீண்ட துடுப்பால் தள்ளிக்கொண்டு போகிற பலகை' — இது கட்டுரை. விட்டேன்.

மூன்றாவது: 'கரையில் செருப்பு மட்டும் கிடந்தது. சுரையாவை' —

இதை எழுதும்போது கை தானாக ஓடியது. எனக்கு அதுதான் பயம். தண்ணீரும் பெண்ணும் ஒரே கதையில் வந்துவிட்டால் எங்களைப் போன்றவர்களுக்கு அவளை மூழ்கடிக்காமல் சோறு இறங்காது. நானே ஒரு கதையில் ஒருத்தியைப் பாலாற்றில் முடித்திருக்கிறேன். அந்தக் கோடையில் பாலாற்றில் கணுக்கால் நனையவும் தண்ணீர் இல்லை என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார்.

கதை எழுதட்டுமா என்று சுரையாவிடம் அனுமதி கேட்டபோது அவள் போட்ட ஒரே நிபந்தனையும் இதுதான். வாட்ஸ்அப்பில் குரல் அனுப்பியிருந்தாள்: "எழுதுங்க சார். ஆனா என்ன சாவடிச்சிடாதீங்க. நா வுழுவேன், எந்திரிப்பேன். அவ்ளோதான்."

சரி. கணுக்காலிலிருந்து பலகைக்கு ஒரு கயிறு, உடம்பில் மிதவை ஜாக்கெட். இந்தக் கதையில் யாரும் மூழ்க மாட்டார்கள். வாசகர் காலை நீட்டி உட்காரலாம்.

3

தொடக்கத்தைக் கோவளத்தில் வைத்துக்கொள்கிறேன். அங்கேதான் நடந்தது.

பெருநாள் முடிந்த வாரம் குடும்பத்தோடு கடலுக்குப் போயிருந்தார்கள். கணவன் நவாஸ் பீச்சில் குடை வாடகைக்கு விடுகிறவரைப் பிடித்துக்கொண்டு தொழில் விசாரித்துக்கொண்டிருந்தான். சுரையாவுக்குப் பொழுது போகவில்லை. கொஞ்ச தூரத்தில், அலையில்லாத உப்பங்கழியில், சிலர் பலகை மேல் நின்றபடி போய்க்கொண்டிருந்தார்கள். சொல்லிக்கொடுக்கிற கார்த்திக் என்ற இளைஞன், வர்றீங்களாக்கா என்று கேட்டான். ஏன் சரி என்றாள் என்று அவளுக்கே தெரியவில்லை. (இந்த இடத்தில் ஒரு காரணம் கண்டுபிடித்து எழுதியிருந்தேன். சின்ன வயது ஆசை, அது இது என்று. அவள் அதை அடித்து நீக்கிவிட்டாள். "ஆசலாம் ஒண்ணுமில்ல சார். கால் சும்மா இருந்துச்சு.")

முதலில் மண்டியிடச் சொன்னான். பிறகு ஒவ்வொரு காலாக. காலைப் பார்த்தால் விழுந்துவிடுவீர்கள், தூரத்தைப் பாருங்கள் என்றான். அவள் தூரத்தைப் பார்த்தாள். நின்றுவிட்டாள்.

அவளுடைய நாள் இப்படிப்பட்டது: அண்ணி, கரண்டி எத்தன? அக்கா, ஷாமியானா கொம்பு கொறயுது. மா, எங்க என் சட்ட? தண்ணீர் மேல் நின்ற அந்தக் கொஞ்ச நேரம் யாரும் அவளிடம் எதையும் கேட்கவில்லை. கேட்கவும் முடியாது, கரை அவ்வளவு தள்ளி இருந்தது. அவளுக்குச் சிரிப்பு வந்தது. தனியாக, சத்தமாக, ஒரு காரணமுமில்லாமல் சிரித்தாள். சந்தோஷத்தை எழுதுவது கஷ்டம். சோகம் என்றால் இந்நேரம் ஒரு பக்கம் எழுதியிருப்பேன்.

4

கரைக்கு வந்ததும், ஒன்று வாங்க வேண்டும் என்றாள். கார்த்திக்கிடம் பழைய பலகைகள் விற்பனைக்கு இருந்தன. ஒவ்வொரு தண்ணீருக்கும் ஒரு பலகை என்று அவன் விளக்கினான். அலைக்கு என்றால் குட்டையாக, மூக்கு தூக்கியிருக்க வேண்டும். கல்லும் வேகமும் உள்ள ஆற்றுக்கு என்றால் அடியில் மீன் செதில் மாதிரி நீட்டியிருக்கும் ஃபின் சின்னதாக இருக்க வேண்டும், இல்லையென்றால் கல்லில் தட்டி ஆளைக் கவிழ்க்கும். அமைதியான தண்ணீரில் விளையாட அகலமான, காற்றடித்து உப்பவைக்கும் பலகை. பெரிய ஏரியில் எதிர்க்காற்றில் தூரம் போக நீளமான, ஒடுக்கமான, கெட்டிப் பலகை.

சுரையாவுக்கு இது உடனே புரிந்தது. பாத்திரக் கடைக்காரிக்குப் புரியாமல் என்ன? பாயசத்துக்கு உருளி, பிரியாணிக்கு அண்டா.

நவாஸ் வந்து பார்த்தான். பார்த்தவுடன் காற்றடிக்கும் பலகையில் கை வைத்தான். நாலு பேர் உட்காரலாம். சுருட்டிப் பையில் போடலாம். பிறந்தநாளுக்கு விடலாம், கல்யாண போட்டோவுக்கு விடலாம். அவன் சொன்னதில் ஒன்றும் தப்பில்லை. நல்ல மனுஷன். பெண்டாட்டி ஆசைப்பட்டதை வாங்கித் தருகிறான், கூடவே அது தன் சோற்றைத் தானே சம்பாதிக்கவும் வழி பார்க்கிறான்.

இங்கே ஒரு டின்னர் செட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

கல்யாணத்தின்போது சுரையாவைப் பெற்ற அத்தா ஒரு பீங்கான் செட் கொடுத்தார். ஓரமெல்லாம் தங்கக் கோடு. வந்த மாதமே வந்தவாசியில் ஒரு கல்யாணத்துக்கு நல்ல தட்டு தேவைப்பட்டது. மாமனார் பிரஷ்ஷை எடுத்தார். ஒவ்வொரு தட்டின் அடியிலும் கா.மொ. அதன்பிறகு அந்தச் செட் வீட்டில் தங்கியதே இல்லை. ஊரில் பாதி மாப்பிள்ளைகள் அதில் சாப்பிட்டிருக்கிறார்கள். "நா மட்டும் ஒரு தட்ல கூட துன்னதில்ல சார்," என்று சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

ஆகவே அவள் நவாஸை டீ வாங்க அனுப்பிவிட்டு, கார்த்திக்கிடம் மெதுவாக ஒரு கேள்வி கேட்டாள். பலகை வாங்கப் போன யாரும் கேட்டிருக்காத கேள்வி.

"இதுல எதுல புதுசா ஏர்றவங்க கண்டிப்பா வுழுவாங்க?"

அவன் நீளமான வெள்ளைப் பலகையைக் காட்டினான். உங்களுக்கு இப்போது வேண்டாம்க்கா, ரொம்ப ஆடும், பழக நாளாகும் என்றான்.

"அதயே குட்றா தம்பி," என்றாள்.

டீயோடு வந்த நவாஸிடம் வேறு காரணம் சொன்னாள். நம் ஏரிக்குள் முழுக்க வேலிகாத்தான், முள் குத்திக் காற்றுப் பலகை இறங்கிவிடும் என்றாள். அதுவும் உண்மைதான். தண்ணீர் ஏறினால் மரமெல்லாம் உள்ளே நிற்கும், முள் டிராக்டர் டயரையே விடாது. எது நிஜக் காரணம் என்று கேட்டேன். இரண்டும் என்றாள். ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் என்று இரண்டுக்கும் நடுவே நான்தான் நின்றுகொண்டிருக்கிறேன்.

5

மழை முடிந்து ஏரி கோடி போனது. நிரம்பி வழிகிற இடத்தைத்தான் இங்கே கோடி என்பார்கள். ஊரே போய் வேடிக்கை பார்த்தது. ஆரவாரம் அடங்கிய பிறகு ஒரு காலையில் சுரையா பலகையை மினி லாரியில் ஏற்றிக்கொண்டு ஏரிக்கரைக்குப் போனாள்.

விழுந்தாள். ஏறினாள். விழுந்தாள். சாண் ஏறினால் முழம் சறுக்கியது. கொஞ்சம் தள்ளி ரங்கன் தெர்மாகோல் தெப்பத்தில் உட்கார்ந்து வலை எடுத்துக்கொண்டிருந்தார். ஏரியோரக் காலனிக்காரர். கொஞ்ச நேரம் பார்த்தவர், "இன்னாம்மா, குந்திக்கினு போனா ஏரி ஒத்துக்காதா?" என்று கேட்டாராம். அவளும் சிரித்து, அவரும் சிரித்து, அவள் மறுபடி விழுந்தாள்.

அடுத்த வாரம் நின்றாள். (எத்தனையாவது நாள் என்று எழுதினால் நம்பும்படி இருக்கும். அவள் எண்ணவில்லை, நானும் எண்ணமாட்டேன்.) துடுப்பை ஒரு தரம் போட்டால் அந்தப் பலகை நேராக ஓடியது. வலப்பக்கம் ரெண்டு, இடப்பக்கம் ரெண்டு. வேலிகாத்தான் உச்சிகளுக்கு நடுவே வளைந்து, திறந்த தண்ணீருக்கு வந்ததும் முகத்தில் காற்று. கொக்குகள் எழுந்து மறுபடி உட்கார்ந்தன. கரையில் கடை இருக்கிறது, கரண்டி இருக்கிறது, எல்லாம் இருக்கட்டும்.

இங்கேயே கதையை முடித்திருந்தேன். கடைசி வாக்கியம்கூட எழுதியாகிவிட்டது: 'அந்த ஏரியில் அன்று சூரியன்' —

வேண்டாம்.

6

ஏனென்றால் கதை என்னைக் கேட்காமல் மேலே நடந்துவிட்டது. போன வாரம் சுரையாவிடமிருந்து குரல்: "சார், நாளைக்குக் காலைல ஏரிக்கு வாங்க. பேஜாரா பூட்ச்சி."

விஷயம் இது. பாலா என்ற போட்டோக்காரர் கடைக்கு வந்து, நிச்சயமான ஒரு ஜோடியை அந்தப் பலகைமேல் நிற்க வைத்துப் படம் எடுக்க வேண்டும், வாடகை எவ்வளவு என்று கேட்டிருக்கிறார். கல்லாவில் நவாஸ். வாய் தவறி சரி என்றுவிட்டான். பழக்கதோஷம். பாயும் பிரஷ்ஷைத் தேட ஆரம்பித்துவிட்டார்.

பாயைப் பற்றித் தப்பாக நினைக்காதீர்கள். முதல் வரைவில் நான் அவரைக் கஞ்சனாக்கி வைத்திருந்தேன். ஆற்றிலே போட்டாலும் அளந்து போடுகிற மனுஷன்தான், ஆனால் அவருக்கு அந்த எழுத்து காசு விஷயம் இல்லை. "பேரு இல்லாத சாமான் திரும்பி வராதும்மா," என்று மருமகளிடம் சொன்னாராம். எது தொலைந்துவிடக் கூடாது என்று நினைக்கிறாரோ அதில் எழுதுகிறார். எனக்குப் பூனையின் வால் ஞாபகம் வந்தது.

சுரையா சண்டை போடவில்லை. ஒரு பந்தயம் போட்டாள். அந்த ஜோடியோ, நவாஸோ, யாராவது ஒருவர் பலகையில் நின்றுவிட்டால் எழுதிக்கொள்ளட்டும், வாடகைக்குப் போகட்டும். இல்லையென்றால் அது அவளுடையது. இனி யாரும் கேட்கக் கூடாது.

நான் போனபோது ஏரிக்கரையில் நாற்காலிகள் போட்டிருந்தன. எல்லாம் கா.மொ. வேடிக்கை பார்க்க வருகிறவர்கள் நிற்கக் கூடாதென்று பாய் லாரியில் கொண்டுவந்திருந்தார். மடியில் பெயிண்ட் டப்பா. விழுந்துவிடு விழுந்துவிடு என்று முன்பின் தெரியாத ஒரு ஜோடியைப் பார்த்து மனதுக்குள் வேண்டிக்கொள்வேன் என்று நான் நினைத்ததில்லை.

இடுப்பளவுத் தண்ணீர், ஆளுக்கொரு ஜாக்கெட். மாப்பிள்ளை ஏறினான். பொண்ணு ஏறினாள். பலகை ஒரு ஆட்டம் ஆடியது, இரண்டு பேரும் தண்ணீரில். எழுந்து ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்த சிரிப்பில் எதிர்க்கரைக் கொக்கெல்லாம் பறந்தது. பாலா விடாமல் எடுத்துக்கொண்டிருந்தார். இந்தப் படமே போதும், நின்றிருந்தால் இவ்வளவு நன்றாக வந்திருக்காது என்றார்.

பிறகு நவாஸ். ஒரு முட்டியை ஊன்றி மற்ற காலைத் தூக்கினான். ஒரு கணம், சத்தியமாக, நின்றுவிட்டான் போலத்தான் இருந்தது. சுரையா என் பக்கத்தில் துப்பட்டாவைக் கடித்துக்கொண்டு நின்றாள். அப்போது அவன் குனிந்து தன் காலைப் பார்த்தான்.

சொட்டச் சொட்டக் கரையேறி வந்தவன் துடுப்பை அவள் கையில் கொடுத்தான். "நீயே வச்சிக்கினு போ. இத்த வாடகைக்கு விட்டா ஊரே நம்மள அடிக்க வரும்," என்றான். சிரித்தான், ஆனால் கொடுத்த விதத்தில் விளையாட்டு இல்லை. பீங்கான் தட்டுகளும் அவனுக்கு அப்போது ஞாபகம் வந்திருக்கும் என்று எழுத ஆசை. எழுதிவிட்டேன், இருக்கட்டும்.

7

கதை இங்கே முடிகிறது என்றுதான் நானும் நினைத்தேன். சுரையா பலகையில் ஏறினாள், நின்றாள், போனாள். வலப்பக்கம் ரெண்டு, இடப்பக்கம் ரெண்டு. மரங்களைத் தாண்டி, ரங்கனின் தெப்பத்தைத் தாண்டி, கோடியின் பக்கமாக ஒரு வெள்ளைக் கோடு மாதிரி. கூப்பிட்டால் காது கேட்காத தூரம்.

பாய் நாற்காலியிலிருந்து எழவே இல்லை. மருமகள் தண்ணீர் மேல் நிற்பதை அவர் அன்றுதான் பார்க்கிறார். வெகுநேரம் பார்த்தார். பிறகு டப்பாவைத் திறந்து பிரஷ்ஷைத் தோய்த்தார். நான் பதறிப்போய், பாய், பந்தயம் முடிந்துவிட்டதே என்றேன்.

"அது அவளுதுதான் சார். யாரு இல்லன்னா? ஆனா அவ்ளோ தூரம் போவுது பாருங்க. பேரு இல்லாம எப்பிடி உட்றது?" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். எத்தனையோ வருஷமாக யாரையும் ஒரு வார்த்தை கேட்காமல் எழுதிக்கொண்டிருந்த மனுஷன், பிரஷ்ஷை என்னிடம் நீட்டினார்.

"நீங்க எழுத்துக்காரரு. சொல்லுங்க, இன்னா எழுதலாம்?"

அவள் பெயரை எழுதலாம். எழுதினால் அதுவும் சிவப்பு எழுத்துத்தானே? ஒன்றும் எழுதாமல் விடலாம். விட்டால் ஒரு கிழவனின் கவலையை யார் வாங்கிக்கொள்வது? மூன்று தொடக்கம் எழுதத் தெரிந்தவனுக்கு ஒரு எழுத்து வரவில்லை.

அதனால் பிரஷ்ஷை உங்களிடம் நீட்டுகிறேன். பெயிண்ட் சொட்டுகிறது, கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொள்ளுங்கள். அவள் கோடிவரை போய்விட்டு அதோ திரும்புகிறாள். வந்து சேருவதற்குள் பாய்க்கு ஒரு பதில் சொல்லுங்கள்.