அலை இல்லாத நாள்

கடலில் மிதக்கும் பெரிய ரப்பர் கூடு அது. அலை அமுக்கினால் சுருங்கும், விட்டால் உப்பும். உள்ளே ஓடும் காற்றில் மின்சாரம் வரும். அந்த ரப்பர் தோலை வடிவமைத்தவள் நான். கூட்டைப் பழுது பார்க்கும் முக்குளிப்பாளன் என் தம்பி. என்னை 'அழிரப்பர்' என்றுதான் கூப்பிடுவான்.

சோதனைக்கூடத்தில் ஐம்பது லட்சம் தடவை இழுத்தும் என் ரப்பர் கிழியவில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை.

போன மாதம் தம்பி போனில் கேட்டான்: "அழிரப்பர், உள்ள போய் வால்வு மாத்தணும். எந்த மாதிரி நாள்ல போகட்டும்?"

"இதெல்லாம் ஒரு கேள்வியா? அலை இல்லாத நாளாப் பாத்துப் போடா. அன்னிக்கு அது சும்மா கிடக்கும்."

சும்மாதான் கிடந்தது. அவன் உள்ளே இருக்கும்போது மடிப்பு ஒன்று பிளந்து தண்ணீர் புகுந்தது. வெளியே எடுக்க நாற்பது நிமிடம் ஆயிற்று. உயிர் இல்லை.

கிழிந்த துண்டை என் மேசைக்கே அனுப்பினார்கள். மடிப்பு நெடுக மயிரிழை விரிசல்கள். லேசான இழுப்பு இருக்கும்வரை இந்த ரப்பரில் விரிசல் எளிதில் வளராது. முழுக்கத் தொய்ந்து தொய்ந்து விறைத்தால்தான் வளரும். அலை ஓய்ந்த நாட்களில் கூடு அப்படித்தான் தொய்ந்து கிடக்கும். என் சோதனை இயந்திரம் அதை ஒரு தடவைகூடத் தொய்யவிட்டதில்லை. படித்த பாடம்தான். புயலையே நினைத்துக்கொண்டிருந்த என் மண்டையில் அது உறைக்கவில்லை. என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

தம்பி மனைவியிடம் நானே சொல்லிவிடுவது என்று போனேன். அவள் சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள்.

"அன்னிக்கு அலையே இல்லையே அண்ணி. எப்படிக் கிழிஞ்சுது?"

"அலை இல்லாததாலதான் கிழிஞ்சுது. நான் அதைச் சோதிக்கவே இல்ல. தப்பு என்னோடதும்மா."

திட்டுவாள், வெளியே போ என்பாள் என்று நின்றேன். அவள் குழாயை மூடினாள்.

"லேசா அலை இருக்கற நாள்லதான் போறேன்னாரு. அப்ப அது விறைப்பா இருக்கும், உள்ள நகர வசதின்னு." புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். "எதுக்கும் அக்காகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கோங்கன்னு, நான்தான் அண்ணி போனை எடுத்துக் குடுத்தேன்."